சுவருக்கு மேலே வந்த பேச்சு

நடுச்சுவருக்கு மேலே வரும் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. சொல்லியே தீர வேண்டுமென்றால் முதலில் சுவரில் தட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் தட்டினால் மட்டும் பேசலாம். தட்டாவிட்டால் அந்தப் பேச்சு உங்கள் காதில் விழவே இல்லை.

இதுதான் விதி. எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை. அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் விதிகளையும், விதிகளுக்கு வந்த திருத்தங்களையும், திருத்தங்களுக்கு வந்த திருத்தங்களையும் கோவை கோவையாக வாசித்தவள் நான். இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட ஒரு விதியை அங்கே கண்டதில்லை. எழுதப்படாததால்தான் சுருக்கமாக இருந்ததோ என்னவோ. மீறியவருக்கு அந்த நிமிஷமே தண்டனை கிடைத்த விதியையும் அங்கே கண்டதில்லை.

இதை வாசிக்கப் போகிற, என்னோடு சேர்ந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். உங்களுக்கு இந்தப் பந்தி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு ஒற்றை அறை. அதுதான் எங்கள் லயம். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. உயரமான ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற இடத்தில் நின்றுவிடும். மேலே வெறும் வெளி. கட்டிய துரைக்குச் செங்கல் மிச்சம். முதல் காம்பராவில் வெங்காயம் வதக்கினால் பத்தாம் காம்பராவில் பசிக்கும். இருமல், கொட்டாவி, புருஷன் பெண்சாதிச் சண்டை எல்லாம் அந்த வெளியில் தாராளமாக நடமாடும். இப்படி ஒரு கட்டடத்தில் பத்துக் குடும்பம் மானத்தோடு வாழ வேண்டுமென்றால், மேலே சொன்ன விதியைத் தவிர வேறு வழி இல்லை.

அம்மாவுக்கும் எனக்கும் அது தெரியாது. நாங்கள் அயல்நாட்டார்.

அப்பா அந்த லயத்தில் பிறந்தவர். வாலிபத்தில் திருச்சிப் பக்கம் தன் பாட்டன் ஊருக்குப் போய், அங்கே கல்யாணம் செய்து, நான் பிறந்ததும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். திரும்பாவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். எனக்கு எட்டு வயது ஆகும்வரை அப்பா என்பவர் ஒரு மீசை வைத்த புகைப்படம். பிறகு எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. எங்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி, பங்குனி மாதக் கடைசி வரைக்கும். அதன்பிறகும் இருக்க விருப்பமென்றால் முன்கூட்டியே நீடிப்புக் கேட்க வேண்டும், அதில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். விருப்பம் என்ற சொல் அதில் இருந்தது. அரசாங்கம் எப்போதாவது இப்படி ஒரு சொல்லைக் கை தவறிப் போட்டுவிடுவது உண்டு.

புரட்டாசிக் கடைசியில் கப்பலேறி, ரயிலேறி ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினோம். நல்ல மதியம். மேகம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, ஒன் வாயிலேருந்து பொகை வருது."

"ஒன் வாயிலயுந்தான் வருது. வாய மூடு."

அம்மாவின் கையில் ஒரு தகரப் பெட்டி, திருகு மூடி போட்ட ஒரு பித்தளைக் கூஜா, சேர்த்துக் கட்டிய மூன்று பனையோலை விசிறிகள். அவள் ஊரில் விசிறி இல்லாமல் குடித்தனம் கிடையாது. ஸ்டேஷனுக்கு வந்த அப்பா மீசையை எடுத்திருந்தார். யார் இவர் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் விசிறிகளைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு புள்ள?"

"காத்து வீசிக்கத்தான்."

"இங்க காத்த நிறுத்தத்தான் ஆளாளுக்கு வழி தேடிக்கிட்டு இருக்கோம்."

அன்று சாயந்தரம் லயமே எங்களைப் பார்க்க வந்தது. ஒவ்வொரு குடும்பமாக, வாசல் வழியாக, முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பில்லாத காலைத் துடைத்துவிட்டு. நாலாம் காம்பராக்காரர் முதலில் வந்தார். எங்களுடையது ஐந்தாம் காம்பரா. பெரிய மூக்குத்தி போட்ட, நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு பதிந்த பெண்மணி. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டுமென்று அப்பா சொன்னார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க, வந்து சேந்தீங்களா. குளிரு பழகிரும். பழகலேன்னாலும் போகாது" என்றார்.

பால் விடாத சாயத் தேத்தண்ணியை ஒரு கையில் வைத்து, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நக்கி நக்கி அவர்கள் குடித்ததைப் பார்த்து, இவ்வளவு பஞ்சமா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். தவறான முடிவுகளில் அது முதலாவது.

மறுநாளிலிருந்து லயம் காலியானது. விடிவதற்குள் பெண்கள் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, கூடையோடு மலை ஏறிவிடுவார்கள். ஆண்கள் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு வேறு மலைக்கு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு. அம்மாவுக்குத் தோட்டத்தில் பேர் பதியவில்லை, பதிய அனுமதியும் இல்லை. பகல் முழுக்க அவளும் நாலைந்து கோழிகளும்தான். அவள் பிறந்த தெருவில் ஒருத்தி தும்மினால் நாலு வீட்டிலிருந்து நூறு ஆயுசு என்பார்கள். இங்கே தும்மினால் கூரைத் தகரம்தான் அதிர்ந்தது. அதனால் சாயந்தரம் லயம் திரும்பி, அடுப்புகள் எரிந்து, நடுச்சுவருக்கு மேலே பேச்சுச் சத்தம் வரத் தொடங்கியதும் அம்மாவின் முகமே மாறிவிடும். பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்ப்பாள்.

வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நாலாம் காம்பராவில் மூத்த மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிப் பெரியம்மாவும் அவர் புருஷனும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொத்மலைப் பக்கமாம். பையன் ஸ்டோர்ல வேல செய்யிறானாம். தேயில அரைக்கிற மிஷின்ல."

"கொணம் எப்படியாம்?"

"அத யாருகிட்டங்க கேக்குறது?"

அம்மா ரொட்டிக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு தலையைத் தூக்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்.

"ஏக்கா, நேரா ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வந்துட வேண்டியதுதானே? பொண்ணக் குடுக்கறோம், சும்மாவா?"

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் பல அலுவலகங்களில் தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. நாலாம் காம்பரா மட்டுமல்ல, பத்துக் காம்பராவும் நின்றுபோனது. எங்கோ கிளறிக்கொண்டிருந்த ஒரு அகப்பை நின்றது. கோடியில் அழுத குழந்தைகூட நிறுத்தியதாக ஞாபகம். அதை நான் வற்புறுத்தவில்லை. அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்போடு கோயிலுக்குள் வந்துவிட்ட ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அம்மாவைப் பார்த்தார்.

"என்னா புள்ள செஞ்ச?" என்றார், மூச்சுக் குரலில்.

"என்ன செஞ்சேன்? காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

"விழுந்துச்சுன்னா?"

அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. ஒரு விதிக்குள்ளேயே பிறந்தவர்களால் அதை எடுத்துச் சொல்ல முடிவதில்லை. பின்னாளில் எனக்கு மேலே இருந்த அதிகாரிகளிடமும் இதைக் கண்டிருக்கிறேன்.

எனக்கு விளக்கியவள் பெரியம்மாவின் இளைய மகள். என் வயது, என் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒங்கம்மா தட்டாம பேசிட்டாங்க."

"எதத் தட்டாம?"

"சுவத்த. தட்டாம பேசுனா அசிங்கம்."

"அப்ப எல்லாந்தான் கேக்குதே?"

"கேக்கும். ஆனா கேக்காது."

"அது எப்படி?"

"நீ வகுப்புல வாத்தியாரு சொல்றதக் கேக்காம இருக்கல்ல? அந்த மாதிரி."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

"மனுசங்க பேசறதுக்குச் சுவத்தத் தட்டணுமா? தட்டறதுன்னா அவங்க தட்டட்டும். வந்தவ நான்தானே?"

அவள் தட்டவில்லை. அவர்களும் தட்டவில்லை.

இந்த இடத்தில் விதியின் இரண்டாம் பிரிவைச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிய வேண்டிய விஷயம், ஆனால் நேரே சொல்வது மரியாதையில்லை என்றால், அதைத் தன் காம்பராவில் இருக்கும் ஒருவரிடம் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். "ஏங்க, நாளைக்குப் பீலியில தண்ணி வராதாம்" என்று, லயமே தண்ணீர் பிடிக்கும் மலைக் குழாயைப் பற்றி ஒருத்தி தன் புருஷனிடம் சொன்னால், அன்று சாயந்தரமே லயத்தில் எல்லாக் குடமும் நிறைந்திருக்கும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. யாருக்கும் யாரும் கடமைப்படவில்லை. அரசாங்கம் இதற்கு வர்த்தமானி என்றொரு அரசிதழ் அச்சடிக்கிறது.

அம்மா தவறு செய்த மறுநாளிலிருந்து பெரியம்மா எங்களுக்காக அறிவித்தல் கொடுக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, ஈர மெலாற அடுப்புக்கு மேல பரண்ல அடுக்கி வெச்சாத்தான் காயும். சில பேரு அப்படியே அடுப்புல திணிக்கிறாங்க."

மெலாறு என்றால் கவ்வாத்து வெட்டில் விழும் தேயிலைக் குச்சி. அதுதான் எங்கள் விறகு. அதை அப்படியே அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தது அம்மாதான்.

இப்போது அம்மா பிறந்த தெருவை நினைத்துப் பாருங்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்படி மூன்றாம் ஆளிடம் பேசுவதற்குப் பெயர் ஜாடை. அதற்கு அங்கே ஒரே ஒரு உபயோகம்தான், சண்டை. இரண்டு பெண்கள் ஒரு வருஷம் முழுக்க மாட்டிடமும் கோழியிடமும் பேசியே ஒருத்தியை ஒருத்தி தின்றுவிடுவார்கள். அம்மா அதில் கைதேர்ந்தவள். ஆகவே சுவருக்கு மேலே உதவி வந்தபோது, அவள் காதில் விழுந்தது ஏச்சு.

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது.

"பனையோல விசிறியெல்லாம் வெச்சிருக்காங்களே, அத அடுப்புக்கு வீசுனா என்னாவாம்? ஊதி ஊதிக் கண்ணு செவந்து போகுது பாவம்."

அம்மா எழுந்து போனாள். மூலையில் சாத்தியிருந்த மூன்று விசிறிகளையும் எடுத்துத் தகரப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே புடவைகளை அடுக்கி, பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி என்னிடம் உரக்கச் சொன்னாள்.

"சில பேருக்கு அடுத்தவ வீட்டு அடுப்புலதான்டி கண்ணு."

நாலைந்து நாள் கழித்து, அதே நிதானமான குரல். "பள்ளிக்கூடம் போற புள்ளைக்குக் காலுல சவுக்காரத்தத் தேச்சுவுட்டா அட்ட ஏறாது." அம்மா தேய்க்கவில்லை. ஐப்பசி மழையில் என் கால்களில் அட்டைகள் விருந்து சாப்பிட்டன. இளையவள் ஒரு துண்டுச் சவுக்காரத்தைத் தன் பாவாடை முடிச்சிலிருந்து எடுத்துத் தந்தாள். மஞ்சள் நிறம், கைக்குள் அடங்கும். அதன் வாசனை இப்போதும் எங்காவது வந்தால் என் கணுக்கால் அரிக்கிறது.

மூடுபனி இறங்கும் நேரத்தில் அம்மா அழுவாள். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையிலிருந்து வாட்டிய தேயிலையின் வாசனை வரும், தகரத்தில் தூறல் விழும், அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுவாள். கேட்டால் புகை என்பாள். சில நாள் சத்தமாகவே அழுவாள். சுவரைப் பார்த்து அழுதாள் என்றுகூட எனக்கு இப்போது தோன்றுகிறது. யாரும் வரவில்லை.

"என்னன்னு ஒரு மனுசி வந்து கேக்கல பாத்தியா? எங்க தெருவா இருந்தா இந்நேரம் வாசல்ல நிக்க எடம் இருக்காது. இதுங்களுக்கெல்லாம் கல்லு மனசு."

அப்பாவின் முடிவு வேறு. பிரச்சினை குளிர் என்று தீர்மானித்தார். சம்பள ஞாயிறன்று என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் போய், கடை நானாவிடம், முஸ்லிம் கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம், கம்பளி கேட்டார்.

"இது கனமா இருக்குமா நானா?"

"யாருக்கு? ஊர்லேருந்து புதுசா வந்தவங்களுக்கா? அப்ப இது காணாது. இந்தப் பெருச எடுங்க. இதுக்குள்ள போனவங்க வெளிய வரமாட்டாங்க."

சிவப்புக் கரை போட்ட சாம்பல் நிறக் கம்பளி, ஆட்டு வாடை. அதன்பிறகு அம்மா கம்பளிக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். சத்தம் குறைந்துவிட்டதென்று அப்பாவுக்கு மெத்தத் திருப்தி.

கொஞ்ச நாளில் அவள் பேச்சையும் அடக்கிக்கொண்டாள். எங்கள் காம்பராவில் எல்லாமே மூச்சுக் குரல் ஆனது. உப்பு வேண்டுமென்றால் நான் கையைக் காட்ட வேண்டும். ஒரு நாள் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு இளையவள் கேட்டாள்.

"ஒங்க காம்பராவுல யாருக்காச்சும் சொகமில்லையா?"

"ஏன்?"

"சத்தமே இல்ல. எங்கம்மா சாப்புடாம சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

வீட்டில் இதைச் சொன்னேன். உளவு பார்க்கிறார்கள் என்றாள் அம்மா.

கார்த்திகையில் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருக்கு மூச்சுக் குரல் கைவராது. நல்ல பாறைக் குரல். இரண்டு கவளம் சாப்பிட்டதும் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இருக்கியா, போறியா புள்ள? நீடிப்புக் கேக்கணும்னா பங்குனி பொறந்தவொடன எழுதிப் போடணும். போறதுன்னாலும் சொல்லு. நானே தலைமன்னார் வரைக்கும் வந்து கப்பல் ஏத்திவுடுறேன். அழுதுக்கிட்டே இருக்காத."

அம்மா எழுந்தாள். தண்ணீர் எடுத்து வைத்தாள்.

கேள்வி சுவருக்கு மேலே ஏறிப் பத்துக் காம்பராவுக்கும் போயிருந்தது. அம்மா போவதென்றால் நானும் போக வேண்டும். அதற்குள் எனக்கு ரொட்டி பிடித்துவிட்டது. சீனியை உள்ளங்கையில் நக்கப் பழகிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, புகைப்படத்திலிருந்து இறங்கி வந்த ஒருவர் தினமும் ராத்திரி என் காலைத் தன் மடியில் வைத்து அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். திரும்பவும் அவரைச் சட்டத்துக்குள் மாட்ட எனக்கு விருப்பமில்லை. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் விருப்பத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இடமும் இல்லை.

அன்றிலிருந்து பெரியம்மாவின் அறிவித்தல்கள் நின்றன. போகப் போகிறவளுக்கு விறகைப் பற்றி என்ன சொல்வது என்று நினைத்திருப்பார். அம்மாவோ, வென்றுவிட்டதாக நினைத்தாள்.

தை மாதம் மூத்தவளுக்குக் கல்யாணம். கொத்மலைச் சம்பந்தமேதான். பெரியம்மாவும் புருஷனும் வாசல் வழியாக வந்து, தட்டில் வெற்றிலை வைத்து, முறையாக அழைத்தார்கள். அம்மாவும் முறையாகப் போய், முறையாகச் சாப்பிட்டு வந்தாள். தோட்டத்துக் கோயிலில் தப்பு மேளம் முழங்கியது. பின்னேரம் பெண்ணை ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வேன் தேயிலை மலையின் வளைவுகளில் மறைந்தும் தெரிந்தும் போவதை லயமே நின்று பார்த்தது.

அன்று விளக்கு வைத்த பிறகு நாலாம் காம்பராவில் முதலில் பாத்திரச் சத்தம். பிறகு பெரியம்மா அழுதார். சத்தம் போடாமல், மூக்கை மட்டும் உறிஞ்சி உறிஞ்சி. அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அவள் தெருவாக இருந்தால் இந்நேரம் ஓடியிருப்பாள். ஓடவில்லை, அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"ஏங்க, அந்த லயத்துல சுவரு கூர வரைக்கும் போகுதாமே?"

"ஆமா. புதுசாக் கட்டுனது. வசதியா இருக்கும்."

"என்னா வசதி? புள்ள அழுதா யாருக்குக் கேக்கும்?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"இங்க பக்கத்துல ஒரு புள்ள வந்த நாள்லேருந்து அழுவுது. நான் ஒரு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பேனா? அது தூங்குற வரைக்கும் காதக் குடுத்துக்கிட்டுத்தானே கெடக்கேன். அங்க எம்புள்ளைக்கு யாருங்க கெடப்பா?"

இது அறிவித்தலா, புருஷனுக்கு மட்டும் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு எழுந்தாள். நடுச்சுவர்ப் பக்கம் போனாள். கை முஷ்டியாக மேலே போனது. தட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. விரல்களை விரித்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு விசிறியை உருவி எடுத்து, அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வீசினாள். அந்தக் குளிரில் அந்த விசிறிக்கு அதுதான் முதல் வேலை. மெலாறு படபடவென்று பற்றிக்கொண்டது. வெளிச்சத்தில் அவள் முகம் நனைந்திருந்தது. புகை இல்லை, நான் சாட்சி.

பிறகு எனக்குக் காது கேட்காததுபோல் உரத்துச் சொன்னாள்.

"ஏ புள்ள, நாளைக்குக் காலையில நான் கூடக் கொஞ்சம் ரொட்டி சுடப் போறேன். கல்யாண அலுப்புல இருக்கறவங்க அடுப்பு பத்த வெக்க வேணாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்னைத் தொடையில் கிள்ளி, "சரிம்மான்னு சொல்லுடி" என்றாள், உதட்டால் மட்டும்.

"சரிம்மா!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் பலமாக மூக்குச் சிந்தும் சத்தம். பிறகு பெரியம்மாவின் குரல், கொஞ்சம் உடைந்து, ஆனால் நிதானமாக.

"ஏங்க, நாளைக்கு நான் வெள்ளன எந்திரிக்க வேணாம்."

"ஏனாம்?" என்றார் பெரியப்பா. அவருக்கு எல்லாமே மெதுவாகத்தான் ஏறும்.

"எந்திரிக்க வேணாம்னா வேணாம்."

அப்படியாக இரண்டு காம்பராக்களுக்கும் இடையே முறையான தொடர்பு ஏற்பட்டது. தை, மாசி இரண்டு மாதமும் அறிவித்தல் மேல் அறிவித்தல். புளி தீர்ந்தது, புளி வந்தது. வைகாசியில் இங்கே மழை எப்படி அடிக்கும், கூரையில் எந்தத் தகரம் ஒழுகும் என்றெல்லாம் பெரியம்மா தன் புருஷனுக்கு விவரமாக எடுத்துச் சொன்னார். அங்கேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சாயந்தரம் அம்மா என்னிடம், "கொத்மலைக்குப் போறவங்க யாராச்சும் இருந்தா அந்தப் பொண்ணுக்கு ஒரு விசிறி குடுத்துவிடலாம், புது அடுப்பு பொகையும்" என்றாள். மறுநாள் இளையவள் வாசலில் வந்து நின்றாள். ஒரு விசிறி அப்படிக் கொத்மலைக்குப் போனது. ஒன்று அடுப்படியில் விளிம்பு கருகி ஒழிந்தது. மூன்றாவது எங்கே போனதென்று தெரியவில்லை. கூஜாவும் அந்தக் கம்பளியும் போன இடத்துக்கு அதுவும் போயிருக்கும்.

இதெல்லாம் நடந்தும் அப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. நினைவூட்டல் அனுப்பப் பயந்த ஒரே மனிதரை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று, டவுனில் வாங்கி வந்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்தார். வியர்வையில் அது துணிபோல் ஆகிவிட்டது. சாயந்தரங்களில் அம்மா ஏதாவது பேச வாயெடுத்தால் நாலாம் காம்பராவில் பேச்சு நிற்கும். ஆறாம் காம்பராவிலும் நிற்கும். நானும் சாப்பாட்டை மெல்லுவதை நிறுத்துவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா நிமிராமல், கொஞ்சம் உரக்க, அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த அடுப்பு இந்த மூலையில இருக்கறதால பொகை பூராவும் அக்கா பக்கந்தான் போகுது. எதிர் மூலைக்கு மாத்திக் கட்டிக் குடுங்க. இப்பவே கட்டுனாத்தான் ஆச்சு. வைகாசி மழையில மண்ணு காயாது."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"வைகாசியா?" என்றார் அப்பா, வாசலில் வந்து நின்று.

"வைகாசிதான். அப்ப ஊதறவ நான்தானே?"

வைகாசி மழையை அம்மா தன் ஆயுளில் பார்த்ததில்லை. சுவருக்கு மேலே கேட்டதுதான்.

முதல் வாரத்தில் கேட்ட அதே அமைதி மறுபடியும் வந்தது, பத்துக் காம்பராவுக்கும். அரிசித் தண்ணீர் அம்மாவின் விரல்களிலிருந்து சொட்டுவது கேட்டது. பிறகு நாலாம் காம்பராவின் பக்கமிருந்து, நடுச்சுவரில், மூன்று தட்டு. நிதானமாக, ஒவ்வொன்றாக.

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். எழுந்து போனாள். திரும்பத் தட்டினாள்.

ஆறாம் காம்பராவிலிருந்து தட்டினார்கள். அதற்கு அப்பா தட்டினார், கத்தியின் பிடியால். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தட்டுவது கேட்டது, அதற்கு அப்பால் கோடி வரைக்கும் போனது; இந்தப் பக்கம் மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாச் சுவரும் தட்டி முடிந்த பிறகும் யாரும் பேசவில்லை. என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பெரியம்மாதான் சுவருக்கு மேலே, நேராக அம்மாவுக்கே சொன்னார்.

"மண்ணு நான் குழைச்சுத் தாரேன்."

நீடிப்புக் கொடுத்துக் கொழும்பிலிருந்து வந்த கடிதம் அடுப்பு காய்ந்து, வைகாசி மழையும் பெய்து ஓய்ந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. அதன் திகதி எனக்கு நினைவில்லை. அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்த திகதி: பங்குனி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.